பின்னால் கட்டும் காருக்கு பிரேக் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

குளிர் விட்டு, மோட்டார்ஹோம்களை (சமையல், படுக்கை எல்லாம் உள்ள வீட்டு வண்டிகளை) மூடியிருந்த தார்ப்பாயை உருவும் பருவம் வந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, பின்னால கட்டுற காருக்கு எந்த பிரேக் பெட்டி நல்லது?" டெக்சாஸிலிருந்து கேட்பார்கள், வட கரோலினாவிலிருந்து கேட்பார்கள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட ஐ.டி. குடும்பங்கள் பலவும் இப்போது அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க இப்படிக் கிளம்புகின்றன. மோட்டார்ஹோம் வாங்கியாயிற்று. நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போக ஒரு ஜீப் ராங்லரும் வாங்கியாயிற்று. டோ பார் (இரண்டு வண்டியையும் இணைக்கும் கம்பி), அதைக் காரில் பிடிக்கும் பேஸ்பிளேட் எல்லாம் மாட்டியாயிற்று. பிரேக் மட்டும் கடைசியில், மிச்சமிருக்கிற பணத்தில்.

இழுக்கும்போது காரை நியூட்ரலில் போடுங்கள், ஹேண்ட்பிரேக்கை விடுங்கள், கட்டிய நிலையில் ரிவர்ஸ் எடுக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது டோ பார் வந்த பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். கீழே உள்ளவை எங்கும் அச்சடிக்காதவை, அல்லது அச்சடித்தும் யாரும் படிக்காதவை. இவற்றில் சிலதை நானும் ஆரம்பத்தில் செய்தவன்தான்.

"இவ்வளவு பெரிய வண்டி, அதன் பிரேக் போதாதா?"

போதாது. மோட்டார்ஹோமின் பிரேக்கை அதன் சேஸிஸ் செய்தவர்கள் அந்த வண்டியின் அதிகபட்ச எடைக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான குடும்பங்கள் தண்ணீர்த் தொட்டி, அரிசி மூட்டை, குக்கர், கிரைண்டர் என்று ஏற்றி அந்த எல்லையை முதல் நாளே தொட்டுவிடுகின்றன. அதற்குப் பின்னால் 4,000 பவுண்டு கார் 60 மைல் வேகத்தில் வருகிறது என்றால், நிறுத்தும்போது கூடுதலாகக் கரைக்க வேண்டிய ஆற்றல் சுமார் 650 கிலோஜூல். அது முழுவதும் மோட்டார்ஹோமின் பிரேக்கில்தான் இறங்கும். மழையில் வளைவில் பிரேக் மிதித்தால் பின்னால் வரும் கார் டோ பார் வழியாக மோட்டார்ஹோமின் பின்பக்கத்தைத் தள்ளும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் இழுபடுவது 3,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் அதற்குத் தனி பிரேக் வேண்டும். ஃபோர்டு மோட்டார்ஹோம் சேஸிஸின் கையேடு இன்னும் கண்டிப்பு: 1,500 பவுண்டுக்கு மேல் இழுத்தாலே தனி பிரேக் வேண்டும் என்கிறது. நீங்கள் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர். கண்டிப்பான கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் வாங்கினால் இழுவை எடை கூடிவிடும் என்று நினைப்பது

கூடிவிடாது. 26,000 பவுண்டு வண்டிக்கு மொத்தச் சேர்க்கை எடை (வண்டியும் காரும் சேர்ந்து இருக்கக்கூடிய அதிகபட்சம்) 30,000 என்று எழுதியிருந்தால் காருக்கு மிஞ்சுவது 4,000. டோ பாரை மாட்டும் பின்பக்கக் கொக்கியான ஹிட்ச்சில் 5,000 என்று ஒட்டியிருந்தாலும் அதே 4,000தான்.

பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஓட்டுவது

எல்லாவற்றிலும் அதிகம் காசைக் கரைப்பது இதுதான். எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்காததும் இதுதான். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

டிரைவர் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே வைக்கும் பெட்டி வகை பிரேக்கோ, காருக்குள் நிரந்தரமாக மாட்டும் வகையோ, பெரும்பாலும் செய்வது ஒரே வேலை: மோட்டார்ஹோம் பிரேக் போடும்போது காரின் பிரேக் பெடலை அழுத்துவது. எப்போது அழுத்த வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் வகைகளுக்குள் வித்தியாசம். சிலது மோட்டார்ஹோமின் பிரேக் லைட் ஒயரைப் பார்க்கும். சிலது வேகம் குறைவதைத் தன் சென்சாரால் உணரும். சிலது இரண்டும் சேர்ந்தால்தான் அழுத்தும். ஏர் பிரேக் வண்டிகளுக்கு மோட்டார்ஹோமின் காற்றழுத்தத்தையே எடுத்து, நீங்கள் மிதிக்கும் அளவுக்கு மிதிக்கும் வகை இருக்கிறது. கேபிள் வகையும் உண்டு. கார் முன்னுக்கு நெருக்கும்போது டோ பார் கேபிளை இழுக்கும், கேபிள் பெடலை இழுக்கும். மின்சாரமே வேண்டாம்.

கடையில் யாரும் இதைக் கேட்பதில்லை. "எவ்வளவு? மாட்டுவது சுலபமா?" இரண்டே கேள்வி.

நண்பர் ஒருவர் டென்வரிலிருந்து மேற்கே கிளம்பினார். பின்பக்க டீசல் எஞ்சின் வண்டி. ஐ-70 சாலையில் ஐசன்ஹவர் சுரங்கத்தைத் தாண்டினால் சில்வர்தோர்ன் வரை ஒரே இறக்கம். 11,000 அடிக்கு மேலிருந்து ஏறத்தாழ 9,000 அடி வரை இறங்க வேண்டும். பிரேக் போன லாரிகளுக்கென்று ஓரத்தில் தப்புச் சாலையே போட்டு வைத்திருக்கிறார்கள். நண்பர் விவரமானவர். கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கை (எஞ்சின் புகை வழியை அடைத்து வேகத்தைக் குறைப்பதை) போட்டு, பெடலைத் தொடாமல் பதமாக இறக்கினார். கீழே பெட்ரோல் பங்க்கில் நிறுத்தும்போது பக்கத்து வண்டிக்காரர் ஓடி வந்து கத்துகிறார். பின்னால் காரின் முன் சக்கரங்களிலிருந்து புகை.

"அண்ணா, நான் பிரேக்கே மிதிக்கல!" போனில் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. மிதித்தது எக்ஸாஸ்ட் பிரேக். அவருடைய வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யும்போது பிரேக் லைட்டும் எரியும். சில மோட்டார்ஹோம்களை அப்படித்தான் ஒயரிங் செய்திருக்கிறார்கள், பின்னால் வருகிறவருக்கு எச்சரிக்கையாக. அவர் வாங்கிய பிரேக் சிஸ்டம் பிரேக் லைட் ஒயரைப் பார்ப்பது. லைட் எரிந்த நேரம் முழுவதும் அது காரின் பெடலை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது, மலை இறங்கி முடியும் வரை. தேருக்கு முட்டுக்கட்டை போட்டு, எடுக்காமல் வடம் பிடித்த கதை.

ரோட்டர், பேட், காலிப்பர், பேரிங், ஒரு டயர் என்று செலவு ஆயிரக்கணக்கான டாலர். இதோடு போனதே புண்ணியம். சாதாரண டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அது 140தான். அதற்கு மேல் ஆயில் கொதித்தால் பெடலுக்குப் பலமே இருக்காது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் டயர் தீப்பிடித்திருக்கும்.

என் கோபம் ஒயரிங்கின் மேல்கூட இல்லை. அந்த சிஸ்டத்தோடு ஒரு சின்ன மானிட்டர் விளக்கு வந்திருந்தது. காரின் பிரேக் அழுந்தினால் மோட்டார்ஹோமில் டிரைவர் முன்னால் எரியும். மாட்டிய கடையில் "அதற்கு ஒயர் இழுக்கத் தனி நேரம் ஆகும், தனிக் கூலி ஆகும், பலர் போடுவதில்லை" என்றார்களாம். இவரும் சரி என்று விட்டுவிட்டார். விளக்கு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் காரின் கிளவ் பாக்ஸில் இருந்தது. ஒரு மணி நேரக் கூலி!

மோட்டார்ஹோமை ஓட்டுகிறவருக்குப் பின்னால் காரின் பிரேக் பிடித்திருப்பது உடம்பில் தெரியும் என்று நினைக்காதீர்கள். 1,000 பவுண்டு-அடிக்கு மேல் முறுக்குவிசை தரும் கம்மின்ஸ் எஞ்சினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சமதரையில்கூடத் தெரியாது, இறக்கத்தில் சுத்தமாகத் தெரியாது. கேமராவில் கார் ஒழுங்காகப் பின்னால் வருவதுதான் தெரியும்.

அதனால் சிஸ்டம் எதுவானாலும் மானிட்டர் இல்லாமல் ஒரு மைல்கூடப் போகாதீர்கள். அதிலும் இரண்டு வகை உண்டு. பெட்டி "நான் அழுத்தச் சொன்னேன்" என்று காட்டும் விளக்கு ஒன்று. காரின் பெடலில் இருக்கும் பிரேக் லைட் சுவிட்சிலிருந்தே ஒயர் எடுத்து, பெடல் உண்மையிலேயே அசைந்தால் எரிவது இன்னொன்று. இரண்டாவதுதான் வேண்டும். நீங்கள் மிதிக்காதபோது அது எரிந்தால் பிரேக் உரசுகிறது, நிறுத்துங்கள். நீங்கள் மிதித்தும் எரியாவிட்டால் காரில் பிரேக் இல்லை, அப்போதும் நிறுத்துங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. நண்பர் ஒருவரை வேறு காரில் பின்னால் வரச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக் லைட் எரிகிறதா என்று கேளுங்கள். எரிந்தால், வெறும் பிரேக் லைட்டைப் பார்த்து வேலை செய்யும் சிஸ்டத்தை அப்படியே மாட்டாதீர்கள். நீங்கள் பெடலை மிதித்தால் மட்டும் சிக்னல் போகும்படி தனி சுவிட்ச் போட வேண்டும். அல்லது காற்றழுத்தத்தைப் பார்க்கும் வகைக்குப் போக வேண்டும்.

சென்சாரை மட்டும் நம்பும் பெட்டிகளுக்கும் இறக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு. ஆறு சதவீத இறக்கத்தில் கார் முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. வேகம் மாறாவிட்டாலும் புவியீர்ப்பின் ஒரு பங்கை அந்தச் சென்சார் "வண்டி மெதுவாகிறது" என்றே எடுத்துக்கொள்ளும். சென்சிட்டிவிட்டியை நகரத்துக்காகக் கூட்டி வைத்துவிட்டு அதே நிலையில் மலைக்குப் போனால் தொட்டதற்கெல்லாம் அழுத்தும்.

நான் எப்போதும் ஓர் இன்ஃப்ராரெட் வெப்பமானி வைத்திருப்பேன். நிறுத்தும் இடத்திலெல்லாம் காரின் நான்கு சக்கர மையத்தையும் சுட்டுப் பார்ப்பேன். ஒன்று மட்டும் மற்றதைவிட மிகவும் சூடாக இருந்தால், அல்லது பிரேக்கே போடாத சமதரையில் நான்கும் கொதித்தால், கிளம்ப மாட்டேன். மனைவிக்கு இது பெரிய கேலி. கேலி செய்யட்டும்.

பூஸ்டரில் வேக்குவம் இருக்கும்போதே பெட்டியை மாட்டுவது

காரை இப்போதுதான் ஓட்டிக்கொண்டு வந்து எஞ்சினை அணைத்தீர்கள். மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்குள் இன்னும் ஒன்றிரண்டு மிதிக்கான வேக்குவம் (வெற்றிடம்) இருக்கிறது. எஞ்சின் ஓடாத காரின் விறைப்பான பெடலுக்கு ஏற்றபடிதான் பெட்டியின் அழுத்தத்தை வைத்திருப்பீர்கள். முதல் சிக்னலில் அதே அழுத்தம் இளகிய பெடலில் விழும். சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும், டயரில் ஓரிடம் தட்டையாகத் தேயும். பெடல் கல்லாகும் வரை மிதித்துவிட்டுப் பிறகு பெட்டியை வையுங்கள்.

சீட்டை எங்கே வைத்துப் பெட்டியைச் சரி செய்தீர்களோ அங்கேயே ஒவ்வொரு தடவையும் சீட் இருக்க வேண்டும். சீட் நகரும் தண்டில் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். வீட்டில் வேறு யாராவது காரை எடுத்து சீட்டை நகர்த்தியிருந்தால், பெட்டியின் கை பெடலில் இலேசாகச் சாய்ந்தே இருக்கும். மேலே சொன்ன உரசல் கதை சின்ன அளவில் அங்கிருந்தே தொடங்கும். தரைவிரிப்பை எடுத்துவிடுங்கள்.

புதிய காருக்குப் பழைய பெட்டி

ஹைப்ரிட்களிலும் மின்பூஸ்டர் உள்ள சில புதிய கார்களிலும், கார் அணைந்திருக்கும்போதும் பெடல் இளக்கமாகவே இருக்கும். எத்தனை மிதித்தாலும் விறைக்காது. அதற்கென்று குறைந்த அழுத்த நிலை உள்ள சிஸ்டம்தான் வேண்டும். அதற்கு முன்னால், அந்த காரை நான்கு சக்கரத்தில் இழுக்கலாமா என்று அதன் கையேட்டில் பாருங்கள். விற்கிறவர் சொன்னார் என்பது பதில் ஆகாது.

மோட்டார்ஹோமில் இருப்பது ஏர் பிரேக்கா ஹைட்ராலிக்கா (ஆயில் பிரேக்கா) என்று தெரியாமல் ஆர்டர் போடுவது

தெரிந்துகொண்டு போடுங்கள்.

காரின் பேட்டரியை மறப்பது

மின்சாரத்தில் ஓடும் பிரேக் எல்லாம் காரின் பேட்டரியைத்தான் தின்கின்றன. ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவியையும் ஓரளவு திறந்து வைத்திருப்பீர்கள், அதுவும் சேர்ந்து தின்னும். மாலைக்குள் பேட்டரி இறங்கினால் பிரேக்கும் இறங்கும். மோட்டார்ஹோமிலிருந்து காரின் பேட்டரிக்கு ஒரு சார்ஜ் ஒயர் இழுத்துவிடுங்கள். 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் பெட்டி என்றால் சாவியின் எந்த நிலையில் அந்த சாக்கெட்டுக்குக் கரண்ட் வருகிறது என்று முதலில் பாருங்கள். சில கார்களில் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும்.

திருப்ப விளக்கு காணாமல் போவது

பெட்டி பெடலை அழுத்தியதும் காரின் சொந்த பிரேக் லைட்டும் எரியும். பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் ஒரே பல்பு உள்ள கார்களில், மோட்டார்ஹோமின் விளக்கு ஒயரை டயோடு (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) வைத்து இணைத்திருந்தால், திருப்ப விளக்கு மின்னாமல் நிலையாக எரிந்துகொண்டிருக்கும். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் லேன் மாறப்போவது தெரியாது. இதற்கென்று ரிலே விற்கிறார்கள். பிரேக் வாங்கும்போதே சேர்த்து வாங்குங்கள்.

பிரேக்அவே கேபிளை டோ பாரில் மாட்டுவது

கார் கழன்றுபோனால் அதைத் தானாக நிறுத்துவதற்குத்தான் பிரேக்அவே கேபிளும் அதன் நுனியில் உள்ள முள்ளும்; கேபிள் இழுபட்டு காரிலுள்ள சுவிட்சிலிருந்து முள் உருவப்பட்டால் காரின் பிரேக் பிடிக்கும். கேபிளின் மறுமுனையை டோ பாரில் கட்டினால், டோ பாரே ஹிட்ச்சிலிருந்து கழன்று காரோடு போகும்போது முள் உருவப்படாது. மோட்டார்ஹோமின் ஃபிரேமில் கட்டுங்கள். கூர்மையான திருப்பத்தில் இழுபடாத அளவுக்கு நீளம் விடுங்கள்.

மாட்டிக் கொடுத்த கடையை விட்டு வெளியேறுவதற்கு முன், அவர்கள் கண்முன்னே முள்ளை உருவிப் பாருங்கள். பெடல் அழுந்த வேண்டும், அழுந்தியபடியே நிற்க வேண்டும், மானிட்டர் விளக்கு எரிய வேண்டும். முள்ளைத் திரும்பச் செருகியதும் பெடல் முழுதாக மேலே வந்து விளக்கு அணைய வேண்டும். அதன் பிறகு காலியான பார்க்கிங் இடத்தில் 25 மைல் வேகத்தில் சில தடவை நிறுத்தி, காரின் சக்கரம் பூட்டாத அளவுக்கு அழுத்தத்தை வையுங்கள். இவற்றில் ஒன்று சரிவராவிட்டாலும் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.