பொம்மை அச்சுக்குப் போகும் முன் ஒற்றைக் கண் சோதனை
பிளாஸ்டிக் சிப்பாய் பொம்மை கையில் கிடைத்தால் பக்கவாட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தலையிலிருந்து கால் வரை மெல்லிய கோடு ஒன்று தட்டுப்படும். பொம்மையை வார்த்தெடுக்கும் எஃகு அச்சின் இரண்டு பாதிகளும் சந்தித்த இடம் அது. துப்பாக்கிக்கும் மார்புக்கும் நடுவே பிளாஸ்டிக் அடைத்துக் கிடப்பதும் அலட்சியம் இல்லை, அங்கே குடைவு விட்டால் அச்சு திறக்கும்போது பொம்மை மாட்டிக்கொள்ளும்.

நீங்களே உருவம் செய்து அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தால், சற்றுத் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி முன்னாலிருந்து பாருங்கள், அப்புறம் பின்னாலிருந்து. இரண்டு பக்கமும் கண்ணில் படாத பள்ளத்தைக் களிமண்ணால் நிரப்பிவிடுங்கள், மனசு வராவிட்டால் பொம்மையின் கையைத் தனித் துண்டாகச் செய்யுங்கள். நேர்ச்சுவர்கள் அச்சிலிருந்து சுலபமாகக் கழல 1 முதல் 2 டிகிரி சரிவு வேண்டும். ஏபிஎஸ் என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஆறும்போது சுமார் 0.5 சதவீதம் சுருங்கும், பாலிஎத்திலீன் இன்னும் அதிகம், அந்த அளவுக்கு அச்சைப் பெரிதாக வெட்டணும்.

முன்பெல்லாம் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக மெழுகில் செதுக்கி, அதிலிருந்து கெட்டியான ரெசினில் ஒரு அச்சு வார்ப்பார்கள்; பாண்டோகிராஃப் என்கிற, உருவத்தைச் சிறிதாக்கி நகலெடுக்கும் கருவியின் ஒரு முனை அதைத் தடவத் தடவ மறுமுனை எஃகில் சிறிதாக வெட்டும். இப்போது கணினி வரைபடமும், அதன்படி தானே வெட்டும் சிஎன்சி இயந்திரமும். 50 பொம்மை போதுமா? சரி, எஃகே வேண்டாம், சிலிக்கோன் அச்சில் ரெசின் ஊற்றுங்கள், அது வளைந்துகொடுத்துச் சின்னக் குடைவுகள் இருந்தாலும் பொம்மையை விட்டுவிடும்.