தோட்டக் குறிப்புகளை மார்க்டவுனில் எழுதுதல்: தொடங்குவோருக்கான செய்முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் பால் வெட்டிய பெரியவர்களைச் சந்தித்து, அவர்கள் சொல்வதைக் குறித்துவைக்கும் வேலையை நானும் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த பிள்ளைகள் சிலரும் செய்துவருகிறோம். தொடக்கத்தில் இந்தக் குறிப்புகளைக் கைப்பேசியில் இருந்த ஒரு செயலியில் எழுதினேன். பெரியவர்கள் சொன்னதைப் பச்சை நிறத்திலும், என் விளக்கத்தைக் கறுப்பு நிறத்திலும் வைத்திருந்தேன். கைப்பேசியை மாற்றியபோது அந்தச் செயலியிலிருந்து வெளியே எடுத்த கோப்பில் எழுத்துகள் எல்லாம் இருந்தன, நிறம் மட்டும் இல்லை. எது பாட்டி சொன்னது, எது நான் சேர்த்தது என்று பிரிப்பதற்கு மீண்டும் ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் மார்க்டவுன் முறைக்கு மாறினேன். இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதும் இதைத்தான்.

மார்க்டவுன் என்பது சாதாரண எழுத்துக்கோப்பில் விசைப்பலகையில் உள்ள சில குறிகளை இட்டு, இது தலைப்பு, இது பட்டியல், இது மேற்கோள் என்று காட்டும் முறையாகும். ஜான் குரூபர் இதை 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆரோன் சுவார்ட்ஸ் அதன் உருவாக்கத்தில் துணைநின்றார். குறிகளோடு இருக்கும் மூல எழுத்தே இடறலின்றி வாசிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே குரூபரின் முதன்மையான நோக்கம். பிற்காலத்தில் ஒவ்வொரு செயலியும் இதைத் தன் போக்கில் புரிந்துகொண்டதால் ஏற்பட்ட குழப்பத்தைத் தீர்க்க, 2014-இல் காமன்மார்க் என்ற பொது வரையறை உருவாக்கப்பட்டது. கீழே உள்ள விதிகள் பெரும்பாலும் அந்த வரையறையை ஒட்டியவை.

முதல் படி: கோப்பைத் தொடங்குதல்

விண்டோஸ் கணினியில் உள்ள நோட்பேடே போதுமானது. சேமிக்கும்போது கோப்புப் பெயரின் இறுதியில் .md என்று இட்டு, எழுத்துக்குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். வேறு குறியாக்கத்தில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும். குறிகள் வடிவமாக மாறுவதை உடனுக்குடன் பார்க்க விரும்புவோர் ஒப்சிடியன் அல்லது ஜோப்ளின் செயலியைப் பயன்படுத்தலாம். ஒப்சிடியன் உங்கள் குறிப்புகளை ஒரு கோப்புறைக்குள் தனித்தனி எழுத்துக்கோப்புகளாகவே வைக்கிறது. ஜோப்ளின் அவற்றைத் தன் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் கேட்கும்போது மார்க்டவுன் கோப்புகளாக ஏற்றுமதி செய்கிறது. ஒருமுறை சூடு கண்டவன் என்பதால் நான் முதலாவதையே தேர்ந்தெடுத்தேன். ஜோப்ளின் திறந்த மூல மென்பொருள் என்பதும் பலருக்குப் பெரிய காரணமாக இருக்கும்.

ஐபோனில் எழுதுவோர் விசைப்பலகை அமைப்புகளில் உள்ள ‘ஸ்மார்ட் பங்ச்சுவேஷன்’ என்பதை முதலில் அணைத்துவிடுங்கள். அது அடுத்தடுத்து இடும் இரண்டு சிறு கோடுகளைத் தானாகவே ஒரே நீண்ட கோடாக மாற்றிவிடும். அப்படி மாறிய கோட்டை மார்க்டவுன் குறியாக ஏற்காது.

இரண்டாம் படி: தலைப்புகள்

வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறியை இட்டு, ஓர் இடைவெளி விட்டுத் தலைப்பை எழுதுங்கள். ஒரு குறி முதன்மைத் தலைப்பு, இரண்டு குறிகள் உள்தலைப்பு என்று ஆறு நிலை வரை செல்லலாம். எங்களுக்கு இரண்டு நிலைக்கு மேல் தேவைப்பட்டதே இல்லை. கீழே வரும் பெரட்டு என்பது வேலை தொடங்குமுன் ஆட்களைக் கூட்டிப் பெயர் பதிவது; நிரை என்பது ரப்பர் மரங்களின் வரிசை.

# பால் வெட்டு வேலை

## பெரட்டுக்குப் போவதற்கு முன்

## நிரையில் வேலை

குறிக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி விடாமல் #பால் என்று எழுதினால் அது தலைப்பாகாது; ஒப்சிடியனில் அது வகைச்சொல்லாக எடுத்துக்கொள்ளப்படும். சமூக ஊடகப் பழக்கத்தில் பிள்ளைகள் முதல் நாளில் தவறாமல் செய்யும் பிழை இதுதான்.

மூன்றாம் படி: பத்தியும் வரியும்

ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் இடையே ஒரு வெற்று வரி இருக்க வேண்டும். எண்டர் விசையை ஒரு முறை மட்டும் அழுத்தினால், காமன்மார்க் விதிப்படி அடுத்த வரி முந்தைய வரியோடு ஒட்டி ஒரே பத்தியாகிவிடும். தாலாட்டு, தெம்மாங்கு போன்ற பாடல்களை எழுதும்போது இது பெரும் இடைஞ்சல், ஏனெனில் நான்கு அடிகளும் உரைநடை போல ஒரே வரியில் ஓடிவிடும். ஒவ்வோர் அடியின் இறுதியிலும் இரண்டு இடைவெளிகளை இட்டால் வரி முறியும். ஆனால் அந்த இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால், அவற்றுக்குப் பதிலாக \ என்ற பின்சாய்வுக் கோட்டை இடுவதே நல்லது. ஒப்சிடியன் தன் இயல்பான அமைப்பில் ஒற்றை எண்டரையும் வரி முறிவாகவே காட்டும் என்பதால், அங்கே சரியாகத் தெரிந்த பாடல் வேறொரு செயலியில் குலைந்துபோவதைக் கண்டு திகைக்காதீர்கள்.

நான்காம் படி: அழுத்தம் கொடுத்தல்

இந்த இடத்தில் தமிழுக்கென்றே சில சிக்கல்கள் இருப்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு சொல்லின் இருபுறமும் இரண்டு நட்சத்திரக் குறிகளை இட்டால் அது தடித்த எழுத்தாகும். ஒரு குறி மட்டும் இட்டால் சாய்வெழுத்தாகும். நம் கைக்குப் பழகிய வாட்ஸ்ஆப்பில் ஒரே நட்சத்திரம் தடித்த எழுத்தைத் தருகிறது. ஆகவே வாட்ஸ்ஆப்பிலிருந்து எடுத்து ஒட்டிய செய்தியில் தடித்திருந்த சொற்கள் எல்லாம் மார்க்டவுனில் சாய்ந்துவிடும். தமிழ் எழுத்துக்குச் சாய்வு வடிவ மரபு இல்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கெனத் தனியாக வரைந்த வடிவமும் இல்லாததால், மென்பொருள் நேர் எழுத்தையே ஒரு பக்கமாகத் தள்ளிக் காட்டுகிறது. சாய்வெழுத்தை நான் எங்கள் குறிப்புகளிலிருந்து அறவே நீக்கிவிட்டேன்.

அடுத்த சிக்கல் வேற்றுமை உருபுகளால் வருவது. நாம் ஒரு சொல்லின் வேர்ப்பகுதியை மட்டும் தடித்துக் காட்டி, உருபை அப்படியே விட விரும்புவோம். **நிரை**யில் என்று எழுதினால் எந்தத் தொல்லையும் இல்லை. நட்சத்திரத்துக்குப் பதிலாக அடிக்கோட்டை இட்டு __நிரை__யில் என்று எழுதினால் அது வேலை செய்யாது, ஏனெனில் எழுத்துகளுக்கு நடுவே வரும் அடிக்கோட்டை மார்க்டவுன் குறியாகக் கொள்வதில்லை. ஆகவே எப்போதும் நட்சத்திரத்தையே பயன்படுத்துங்கள். இதைவிடத் தந்திரமானது மேற்கோள் குறியோடு வரும் சொல்லாகும்:

**‘பெரட்டு’**க்குப் போனார்

என்று எழுதினால் நட்சத்திரங்கள் அப்படியே திரையில் நிற்கும். மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் இருந்தால், அதை மூடும் குறியாக ஏற்கக்கூடாது என்பது காமன்மார்க் விதி. சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் ஆங்கிலத்தில் இது அரிதாகவே நேரும். உருபு ஒட்டி வரும் நம் மொழியில் நாள்தோறும் நேரும். மேற்கோள் குறியை நட்சத்திரத்துக்கு வெளியே கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது:

‘**பெரட்டு**’க்குப் போனார்

கணக்கு எழுதுவோருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பெருக்கலுக்கு நட்சத்திரத்தை இட்டு 3*25*6 என்று நெருக்கமாக எழுதினால் இரண்டு குறிகளும் மறைந்து, நடுவில் உள்ள 25 மட்டும் சாய்ந்து, மொத்தமும் 3256 போலத் தோன்றும். கோயில் திருவிழாச் செலவுக் கணக்கில் இப்படி நேர்ந்தால் செயலவைக் கூட்டத்தில் பதில் சொல்லி மாளாது. எண்களுக்கும் குறிக்கும் இடையே இடைவெளி விடுங்கள், அல்லது ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் முன்னால் ஒரு பின்சாய்வுக் கோட்டை இடுங்கள்.

ஐந்தாம் படி: பட்டியல்கள்

வரியின் தொடக்கத்தில் சிறு கோடும் இடைவெளியும் இட்டால் புள்ளிப் பட்டியல் கிடைக்கும். எண்ணும் புள்ளியும் இடைவெளியும் இட்டால் எண் பட்டியல் கிடைக்கும். பட்டியலுக்கு முன்னால் ஒரு வெற்று வரி விடும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

- பால் வெட்டும் கத்தி
- கோப்பை
- வாளி

எண் பட்டியலில் முதல் வரியின் எண்ணை மட்டுமே மார்க்டவுன் மதிக்கிறது. அதன் பின் வருபவற்றைத் தானாகவே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொள்கிறது. வேலை முறைகளை எழுதும்போது இது வசதிதான், நடுவில் ஒரு படியைச் சேர்த்தாலும் எண்களைத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்தும்போது இதுவே வரலாற்றைப் புரட்டிவிடும். எங்கள் பிள்ளை ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

1957. மலாயா சுதந்திரம் பெற்றது
1960. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது
1963. மலேசியா உருவானது

திரையில் இது 1957, 1958, 1959 என்று வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்கள் தங்கள் பணத்தைத் திரட்டி நிலம் வாங்குவதற்காக, இதே ஊரில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய சங்கம் இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே தோன்றிவிட்டது. மலேசியாவோ நான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டது. மூலக்கோப்பில் ஆண்டுகள் சரியாகவே இருந்ததால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க நெடுநேரம் ஆயிற்று. ஆண்டுக்குப் பின் புள்ளி இடாமல் முக்காற்புள்ளி இட்டு, முன்னால் சிறு கோட்டைச் சேர்த்து, - 1957: என்று எழுதினால் இந்தத் தொல்லை வராது.

ஆறாம் படி: ஒருவர் சொன்னதைப் பிரித்துக் காட்டுதல்

எங்கள் வேலைக்கு இதுவே உயிர்நாடி. வரியின் தொடக்கத்தில் > குறியை இட்டு எழுதுவது மேற்கோளாகும். பேசியவரின் சொற்கள் அனைத்தும் இந்தக் குறிக்குப் பின்னாலும், என் சொற்கள் குறியின்றியும் இருக்க வேண்டும் என்று விதி வகுத்துக்கொண்டோம்.

> விடியுமுன்னே நிரைக்குப் போயிடணும். வெயில் ஏறிட்டா பால் குறைஞ்சிடும்.

பாட்டி இங்கே சொல்வது, மரத்தின் உள்ளழுத்தம் அதிகாலையில் கூடுதலாக இருப்பதால் பால் நன்றாக ஓடும் என்பதாகும்.

இடையில் உள்ள வெற்று வரியைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டு என் விளக்கத்தை மேற்கோளுக்கு அடுத்த வரியிலேயே தொடங்கினால், முன்னால் > குறி இல்லாவிட்டாலும் மார்க்டவுன் அதையும் மேற்கோளின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளும். மரத்தின் உள்ளழுத்தத்தைப் பற்றிப் பாட்டியே பாடம் நடத்தியதாகிவிடும். பேச்சு இரண்டு பத்திகளுக்கு நீண்டால், நடுவில் உள்ள வெற்று வரியிலும் ஒரு > குறியை இடுங்கள். இல்லையேல் அது இரண்டு தனி மேற்கோள்களாக உடைந்துவிடலாம். ஒரே குறிப்பில் இருவர் பேசியிருந்தால் எதிர்மாறாகச் செய்து, இடையே ஒரு பெயர் வரியைக் குறியின்றி எழுதிவிடுவது எங்கள் வழக்கம்.

பிற குறிகள்

செய்ய வேண்டிய வேலைகளுக்கு - [ ] என்று சதுர அடைப்புக்குள் இடைவெளி விட்டு எழுதலாம். இது காமன்மார்க்கில் இல்லாவிட்டாலும் மேலே சொன்ன இரண்டு செயலிகளும் ஏற்கின்றன. அட்டவணைக்கு | என்ற நிலைக்கோட்டால் கட்டங்களைப் பிரித்து, தலைப்பு வரிக்குக் கீழே | --- | --- | என்று ஒரு வரி இட வேண்டும். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் மூலக்கோப்பில் நிலைக்கோடுகளை நேர்வரிசையில் நிறுத்த முயன்று காலத்தை வீணாக்காதீர்கள், கோணலாக இருந்தாலும் அட்டவணை சரியாகவே வரும்.

பகுதிகளைப் பிரிக்க மூன்று சிறு கோடுகளை இட்டால் குறுக்குக் கோடு வரும். அதற்கு முன்னால் வெற்று வரி விட மறந்தால், மேலே உள்ள பத்தி முழுவதும் பெரிய தலைப்பாக மாறிவிடும்.

இறுதிப் படி: சரிபார்த்தல்

கோப்பின் பெயரை 2025-03-08 என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால், கோப்புறையில் எல்லாம் கால வரிசைப்படி தாமாகவே நிற்கும். பிறகு அதே கோப்பை இரண்டு முறை திறந்து பாருங்கள்: ஒரு முறை செயலியின் வாசிப்பு நிலையில், ஆண்டுகளும் மேற்கோள்களும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று, இன்னொரு முறை நோட்பேடில், குறிகளை மட்டுமே நம்பி யார் எதைச் சொன்னார் என்று பிரித்தறிய முடிகிறதா என்று. இந்த இரண்டாவது சோதனையைக் குறிப்பை எழுதாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் அந்த வேலை எப்போதும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குத்தான்.