ஏழு என்றால் எந்த ஏழு?

விடுமுறைக்குத் திருச்சி போன ஒருவர் அங்கே வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்துக்கொள்கிறார்: 126. சிங்கப்பூர் திரும்பி மருந்தகத்தில் பார்க்கிறார்: 7. இரண்டும் ஒன்றுதான். அங்கே டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம், இங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல். 18ஆல் பெருக்கினால் கணக்கு நேராகிவிடும். மருத்துவருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மென்பொருளுக்குச் சொல்லியாக வேண்டும். அலகை உதிர்த்துவிட்டு எண்ணை மட்டும் அனுப்புவது, மருத்துவ மென்பொருள்களை இணைப்பவர்கள் செய்யும் மிகப் பழைய தவறு. ஆய்வுக்கூடச் சோதனைகளுக்கான லோயின்க் குறியீட்டில் இவ்விரு அளவுகளுக்கும் வெவ்வேறு எண்கள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

மருத்துவ மென்பொருள்கள் தகவல் பரிமாறிக்கொள்ள ஃபயர் (FHIR) என்றொரு தரம் உண்டு. ‘ஃபயர் தரத்தைப் பின்பற்றிவிட்டோம், இனி எல்லாம் தானாகப் பேசிக்கொள்ளும்’ என்பது அடுத்த மயக்கம். எச்எல்7 அமைப்பின் அந்தத் தரத்தில் பெரும்பாலான புலங்கள், அதாவது தகவலை நிரப்பும் இடங்கள், விருப்பத்துக்கு உரியவை. நோயாளியின் பெயரே இல்லாத பதிவும் அதன்படி செல்லுபடியாகும்! எவையெல்லாம் கட்டாயம் என்பதை இரு தரப்பும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளாமல் நிரல் எழுதத் தொடங்கினால், வேலை முடிந்த பிறகுதான் சண்டை தொடங்கும்.

பெயர் என்றதும் என் தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் எழுதிய முதல் இணைப்பில், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டேன். ‘முருகன் த/பெ கோவிந்தன்’ அடுத்த திரையில் ‘திரு கோவிந்தன்’ ஆனார். அழைத்தபோது அவர் எழுந்திருக்கவே இல்லை. அது அவருடைய அப்பா பெயர் அல்லவா? தமிழனாக இருந்துகொண்டு நானே இதைச் செய்தேன் என்பதுதான் வெட்கம். முழுப்பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே வைக்க ஃபயரில் தனி இடம் உண்டு. முதலில் அதை நிரப்புங்கள், பிரிப்பதைப் பிறகு பார்க்கலாம்.

அடையாள எண்ணையும் நிரந்தரம் என்று நம்பக்கூடாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர் நிரந்தரவாசியானால் அவருக்குப் புதிய எண் கிடைக்கிறது. பழைய எண்ணையே தரவுத்தளத்தின் சாவியாக வைத்திருந்தால், ஒரே ஆள் இருவராகிவிடுவார். பென்சிலின் ஒவ்வாமை பழைய ஆளிடம் இருக்கும், ஊசி புதிய ஆளுக்குப் போடப்படும். உள்ளே தனி எண் கொடுத்து, வெளி எண்கள் எல்லாவற்றையும் அதோடு கோத்து வையுங்கள்.

முதியவர்கள் சிலருக்குப் பிறந்த ஆண்டு மட்டுமே தெரியும். அதற்கு ஜனவரி 1 என்று இட்டு நிரப்பாதீர்கள், ஆண்டை மட்டும் அனுப்பவும் தரம் இடம் தருகிறது.

கடைசியாக, வெற்றுப் புலம். 2011இல் தொடங்கிய சிங்கப்பூரின் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவைப் போன்ற பொதுப் பதிவுகளில், ஒருவர் எழுதியதை முன்பின் அறியாத இன்னொருவர் படிக்கிறார். ஒவ்வாமை என்ற இடம் காலியாக இருந்தால், ‘கேட்டேன், இல்லை என்றார்’ என்று பொருளா, ‘கேட்கவே இல்லை’ என்று பொருளா? நள்ளிரவில் அவசரப் பிரிவில் நிற்கும் மருத்துவர் அதை யாரிடம் போய்க் கேட்பார்?