செல்லோ கான்செர்டோ ரெக்கார்டிங்கை எடை போடுறது எப்படி? எல்காரை வச்சு ஒரு பயிற்சி

"செம ஃபீல்"னு சொல்லிட்டு அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியாம ரொம்ப நாள் முழிச்சவன் நான். தியரி எதுவும் வேண்டாம், நல்ல ஹெட்போன், பேப்பர், பேனா, ஒரு மணி நேரம் இருந்தா போதும்.

நாம எடுத்துக்கப்போறது இங்கிலாந்து இசையமைப்பாளர் எட்வர்ட் எல்காரோட இ மைனர் செல்லோ கான்செர்டோ, அதாவது செல்லோன்ற பெரிய தந்திக் கருவி முன்ன நிக்க, ஆர்க்கெஸ்ட்ரா கூட வாசிக்கிற படைப்பு. இதுக்கு நிறைய ரெக்கார்டிங் இருக்கு, ஆனா 1965 ஆகஸ்ட்ல லண்டன் கிங்ஸ்வே ஹால்ல ஜாக்குலின் டு ப்ரே வாசிச்சதையே எடுங்க. அப்போ அவங்களுக்கு வயசு 20. கண்டக்டர் ஜான் பார்பிரோலி, கூட லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. தேடும்போது இந்த மூணு பேரும் சேர்ந்து வருதான்னு பாருங்க, ஏன்னா டு ப்ரேவே 1970ல ஃபிலடெல்ஃபியால கச்சேரியா வாசிச்சது ஒண்ணு தனியா இருக்கு, பேரை மட்டும் பாத்து தட்டினா அது வந்து நிக்கும்.

முதல் வேலை, போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க. செல்லோவோட அடி கம்பி 65 ஹெர்ட்ஸ் கிட்ட பேசும், போன் அவ்ளோ கீழ இறங்காது, அதுல கேட்டுட்டு "சத்தம் சன்னமா இருக்கு"ன்னு நான் ஒரு தடவை எழுதி வச்சு அசிங்கப்பட்டேன். வால்யூமை ஒரு இடத்துல வச்சிட்டு கடைசி வரைக்கும் கை வைக்கக்கூடாது, இது முக்கியம், ஏன்னு அப்புறம் சொல்றேன்.

அடுத்து, பேப்பர்ல மூணு கட்டம் போடுங்க: பாட்டு, வாசிப்பு, பதிவு. சோகமா இருக்குன்னா அது எல்கார் எழுதினது, டு ப்ரே கணக்குல சேக்காதீங்க. வில்லை அழுத்தி இழுக்குறது, ஒரு சுரத்துல கூடுதலா நிக்கிறது, அதெல்லாம் வாசிப்பு. செல்லோ பக்கத்துல இருக்கா தூரத்துல இருக்கான்றது பதிவு. சோலோயிஸ்ட் மூச்சு விடுறது கேட்டா குறைன்னு எழுதாதீங்க, மைக் கிட்ட இருக்குன்னு மட்டும் குறிச்சுக்கோங்க.

இப்போ ப்ளே பண்ணுங்க. எடுத்த எடுப்புலயே செல்லோ தனியா கனமான கார்டுகளோட (பல சுரம் ஒண்ணா ஒலிக்கிறது) வரும், எல்லாரும் அதுலயே சொக்கிப் போயிடுவாங்க. நீங்க கொஞ்சம் பொறுங்க. அது முடிஞ்சு வயோலாக்கள் (வயலினை விட கொஞ்சம் பெருசு, குரலும் தாழ்வு) மட்டும், துணைக்கு யாருமே இல்லாம, மெயின் மெட்டை ஆரம்பிக்கும், அங்க தான் நம்ம பரீட்சை. பத்து பேர் வாசிச்சாலும் ஒரே ஆள் முணுமுணுக்குற மாதிரி இருக்கணும், பிசிறு இருந்தா அங்கயே மாட்டிக்கும். அப்புறம் செல்லோ அதே மெட்டை வாங்கிக்கும், போகப்போக ஸ்கேல்ல ஏறி உச்சி ஸ்வரத்துக்கு போய் நிக்கும், உடனே மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் மெட்டை பிடுங்கிக்கும். அந்த நொடியில ஹால் திடீர்னு பெருசாகுற மாதிரி தோணுச்சுன்னா செல்லோ மைக்கை ரொம்ப கிட்ட வச்சிருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

ஏன் கிட்ட வைக்கிறாங்கன்னா, வயலின் மாதிரி மேல தனியா மிதக்குற குரல் இல்ல இது, ஆம்பள குரல் இருக்குற அதே நடு ரேஞ்சுல தான் பெரும்பாலும் இருக்கும், ஹார்ன், பஸூன் மாதிரி ஊதுற கருவிங்க, வயோலா எல்லாம் அங்கயே கும்பலா நிக்கும். அதுல செல்லோ முங்கிடும். எல்கார் அதை தெரிஞ்சே ஆர்க்கெஸ்ட்ராவை மெலிசா எழுதியிருக்கார். அதையும் மீறி செல்லோ மேடை அகலத்துக்கு வீங்கி கேட்டா, என் கணக்குல மார்க் போச்சு.

இந்த கான்செர்டோ 1919 அக்டோபர்ல முதல்ல அரங்கேறினப்போ சொதப்பினதுக்கு காரணம் செல்லோ வாசிச்ச ஃபெலிக்ஸ் சால்மண்ட் இல்ல, ரிகர்சலுக்கு நேரமே கிடைக்காத ஆர்க்கெஸ்ட்ரா. அன்னைக்கு அதுல செல்லோ வரிசையில உக்காந்திருந்தவர்ல பார்பிரோலியும் ஒருத்தர்! அதனால தானோ என்னவோ, 1965ல ஆர்க்கெஸ்ட்ரா எங்க ஒதுங்கணும், எங்க தோள் குடுக்கணும்னு அவருக்கு அத்துப்படி.

ரெண்டாவது மூவ்மென்ட் (படைப்போட ஒரு பகுதி) வேகம், பொடிப்பொடியா வர்ற சுரம் ஒவ்வொண்ணும் தனித்தனியா விழுதான்னு மட்டும் பாத்துட்டு நகருங்க. மூணாவதுல நின்னு கேளுங்க. அறுபது பார் (தாளக் கட்டம்) தான், அதுல ஒரே ஒரு பார் தவிர எல்லாத்துலயும் செல்லோ இருக்கு, ஒளிய இடமே இல்ல. வில் திசை மாறுறது காதுல விழுதா, ஒரு வரியோட முடிவை அவசரமா விட்டுடுறாங்களான்னு பாருங்க. டு ப்ரே இங்க அழுத்தம் அதிகம்னு சொல்றவங்க உண்டு, எனக்கும் சில நாள் அப்படி தோணும்.

அடி மட்டத்துல லேசா ஒரு உறுமல் கேட்டா ஹெட்போனை திட்டாதீங்க, கிங்ஸ்வே ஹாலுக்கு அடியில அப்போ பாதாள ரயில் ஓடிட்டு இருந்துச்சு, அங்க எடுத்த பல ரெக்கார்டிங்ல அது எட்டிப் பாக்கும்.

இது முடிஞ்சதும் 1928ல எல்காரே கண்டக்ட் பண்ணி பீட்ரிஸ் ஹாரிசன் வாசிச்சதை போடுங்க. கரகரன்னு இருக்கும், ஆனா வேகமா, அழுகாச்சி இல்லாம போகும், சுரத்துக்கு சுரம் நம்ம கர்நாடக சங்கீத ஜாரு மாதிரி வழுக்கிட்டு போவாங்க. பதிவு கட்டத்துல ஃபெயில் மார்க் போட்டாலும் வாசிப்பு கட்டத்தை காலியா விட முடியாது, மூணு கட்டம் போட சொன்னது இதுக்கு தான்.

இப்போ அந்த வால்யூம் விஷயம். கடைசி மூவ்மென்ட் முடியப்போற நேரத்துல முதல்ல கேட்ட செல்லோ கார்டுகள் திரும்ப வரும். கை வைக்காம விட்டிருந்தா தான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்க முடியும்: அதே கனமா, அதே தூரமா, இல்ல அரை மணி நேரத்துல டு ப்ரே வேற ஆளா ஆயிட்டாங்களா. உங்க பேப்பர்ல அதை முதல் வரியா எழுதுங்க.