ஃபிளாஷ் சிப் எழுத மறுக்கிறதா? எதை எந்த வரிசையில் பார்ப்பது

மதர்போர்டு பயாஸ், ரவுட்டர் என்று எதைத் திறந்தாலும் கண்ணில் படும் எட்டுக்கால் எஸ்பிஐ (சில கம்பிகளில் பிட் பிட்டாகப் பேசும் முறை) ஃபிளாஷ் சிப்பைப் பற்றித்தான் இது. வின்பாண்ட் டபிள்யூ25க்யூ128 என்ற 16 எம்பி சிப்பை வைத்துச் சொல்கிறேன். கமாண்ட் எண்களும் சிப் தரும் பைட் மதிப்புகளும் எல்லாமே ஹெக்ஸ், அதாவது 16-அடிமான எண்கள்.

முதலில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இந்த சிப் "முடியாது" என்று எப்போதும் சொல்லாது. பூட்டிய இடத்தில் எழுதச் சொன்னால் கேட்காத மாதிரி இருந்துவிடும், எரர் எதுவும் வராது, நாம்தான் போய்ப் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சிப்பைத் தேர்ந்தெடுக்கும் சிஎஸ் காலை லோ ஆக்கி, ஐடி கேட்கும் கமாண்டான 9எஃப் அனுப்புங்கள், மூன்று பைட் திரும்ப வரும். இந்த சிப் என்றால் ஈஎஃப் 40 18. ஈஎஃப் என்றால் வின்பாண்ட், 40 என்பது சிப் வகை, 18 என்பது கொள்ளளவு, ஹெக்ஸ் 18 என்றால் 24, அதாவது 2-இன் 24-ஆம் அடுக்கு, 16 எம்பி. முதல் பைட் சி2 என்றால் மேக்ரோனிக்ஸ், சி8 என்றால் கிகாடிவைஸ். இரண்டாவது பைட் 60 என்று வந்தால் கொஞ்சம் நில்லுங்கள், வின்பாண்டில் 1.8 வோல்ட் சிப்களும் அந்த எண்ணைச் சொல்லும், 3.3 வோல்ட் கொடுத்துவிடாமல் மேலே அச்சடித்த பெயரைப் படித்து டேட்டாஷீட்டைப் பாருங்கள். மூன்று பைட்டும் எஃப்எஃப் அல்லது 00 என்றே வந்தால் பெரும்பாலும் வயரிங் கோளாறு, இல்லையென்றால் போர்டில் இருக்கும் வேறு ஏதோ அதே லைன்களை இழுத்துக்கொண்டிருக்கும். சிப் பவர்-டவுன் நிலையில் தூங்கினாலும் 9எஃப்-க்குப் பதில் வராது, ஏபி அனுப்பி எழுப்பிவிட்டு மறுபடி கேளுங்கள்.

ஐடி சரியாக வந்துவிட்டதா? உடனே அழிக்கப் போகாமல், முழுவதையும் இரண்டு முறை படித்து இரண்டு ஃபைலும் ஒன்றா என்று ஒப்பிட்டு எடுத்து வையுங்கள்.

அப்புறம் எழுதும் வேலை. 06 அனுப்பியதும் 05 அனுப்பி, சிப்பின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படியுங்கள், பூட்டு எதுவும் இல்லாத சிப்பில் 02 வர வேண்டும், அது எழுத அனுமதி தரும் பிட். அது ஏறவே இல்லை என்றால் பூட்டைத் தேடாதீர்கள், கோளாறு கம்பியிலோ மின்சாரத்திலோ இருக்கும். ஒவ்வொரு அழிப்புக்கும் எழுத்துக்கும் பிறகு அந்த பிட் தானாக இறங்கிவிடும், அதனால் 06-ஐ ஒவ்வொரு முறையும் புதிதாக அனுப்ப வேண்டும். 20 என்றால் 4 கேபி அழியும், டி8 என்றால் 64 கேபி, சி7 என்றால் மொத்த சிப்பும், அதற்குச் சாதாரணமாகவே 40 விநாடி ஆகும், தொங்கிவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். 05-இல் கடைசி பிட் 0 ஆகும்வரை சிப் வேலையில் இருக்கிறது. 02 கமாண்ட் ஒரு தடவைக்கு 256 பைட் வரை எழுதும், பக்க எல்லையைத் தாண்டினால் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி மேலேயே எழுதிவிடும்.

அனுமதி பிட் ஏறுகிறது, ஆனால் அழித்த இடம் எஃப்எஃப் ஆகவில்லை என்றால் பூட்டுதான். 05-இல் 1சி வந்தால், எந்தப் பகுதி பூட்டு என்று சொல்லும் பிபி0, பிபி1, பிபி2 என்ற பிட்கள் மூன்றும் 1, மொத்த சிப்பும் பூட்டு. ஆனால் மூன்றும் 0 என்பதால் திறந்திருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது, இதில்தான் பலர் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். 35 அனுப்பி இரண்டாவது ரிஜிஸ்டரைப் பாருங்கள், அங்கே பூட்டின் பொருளைத் திருப்பிப்போடும் சிஎம்பி பிட் 1 என்றால் அர்த்தமே தலைகீழ், பிபி எல்லாம் 0 என்பதுதான் முழுப் பூட்டு.

திறக்க 06, பிறகு 01 உடன் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டருக்கான புதிய மதிப்பு. பழைய தலைமுறை சிப்களில் 01-க்குப் பின் ஒரே ஒரு பைட் அனுப்பினால் இரண்டாவது ரிஜிஸ்டரில் இருக்கும் க்வாட் பிட்டும் (நான்கு கம்பியில் தரவு படிக்க அனுமதிப்பது) சேர்ந்து அழியும், க்வாட் முறையில் பூட் ஆகும் போர்டு அப்புறம் எழாமல் போகலாம். அதனால் இரண்டாவது ரிஜிஸ்டரின் மதிப்பையும் சேர்த்து இரண்டு பைட்டாக அனுப்புங்கள். 06-க்குப் பதில் 50 அனுப்பினால் மாற்றம் மின்சாரம் போகும்வரை மட்டுமே நிற்கும், சோதித்துப் பார்க்க அதுவே நல்லது. ரிஜிஸ்டரே மாற மறுத்தால், எழுதுவதைத் தடுக்கும் டபிள்யூபி கால் தரையில் (0 வோல்ட்) இருக்கிறதா பாருங்கள், ரிஜிஸ்டரைப் பூட்டும் எஸ்ஆர்பி பிட் 1 ஆக இருந்தால் அந்தக் காலை 3.3 வோல்ட்டுக்குத் தூக்கிய பிறகுதான் மாறும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் எழுதவில்லையா? 15 அனுப்பி மூன்றாவது ரிஜிஸ்டரைப் படியுங்கள். டபிள்யூபிஎஸ் பிட், அதாவது 04, ஏறியிருந்தால் சிப் பிபி பிட்களை மதிக்காது, ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித்தனிப் பூட்டு, ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் எல்லாமே பூட்டியபடிதான் எழும். 3டி உடன் முகவரி கொடுத்தால் அந்தப் பிளாக்கின் நிலையைச் சொல்லும், கடைசி பிட் 1 என்றால் பூட்டு. 06-க்குப் பின் 39 உடன் முகவரி கொடுத்தால் அது ஒன்று மட்டும் திறக்கும், 98 கொடுத்தால் எல்லாமே. இங்கேயும் பதில் வராது, மறுபடி 3டி கேட்டு 0 வந்த பிறகே அழியுங்கள்.