டீஃபையில் பணம் போடும் முன்: தளம் யாரை நம்பி ஓடுகிறது என்று பார்ப்பது எப்படி?

டீஃபை என்றால், வங்கி இல்லாமல் பிளாக்செயினில் ஓடும் நிரலே நடத்தும் நிதிச் சேவை. 2022 மே மாதம் லூனா என்ற கிரிப்டோ டோக்கன் சரிந்தபோது வீனஸ் என்ற டீஃபை கடன் தளத்துக்குச் சுமார் 1.1 கோடி டாலர் நட்டம். அதன் நிரலை யாரும் உடைக்கவில்லை. லூனாவின் விலையை அது செயின்லிங்க் என்ற விலைத் தகவல் சேவையிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. அந்த விலை 0.107 டாலரில் நின்றுவிட்டது. சந்தையிலோ லூனா சுமார் 0.01 டாலர். மலிவாக வாங்கியவர்கள், பத்து மடங்கு மதிப்புக்கு அடமானம் வைத்து, நல்ல டோக்கன்களைக் கடனாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நிரலைச் சோதித்துத் தரும் ஆடிட் ரிப்போர்ட்டை மட்டும் நம்பிப் பணம் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சரி, முதலில் ஒரு தாளை எடுங்கள். தளத்தின் விளக்க ஆவணத்தை வாசித்து, வெளியிலிருந்து அது எதையெல்லாம் வாங்குகிறது என்று வரிவரியாக எழுதுங்கள்: விலை, ஸ்டேபிள்காயின் (ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்க வேண்டிய டோக்கன்), பிரிட்ஜ் (ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்கு டோக்கனைக் கொண்டுபோகும் பாலம்) வழியாக வந்த டோக்கன்.

அடுத்தது ஆரக்கிள், அதாவது செயின்லிங்க் போல வெளி விலையைத் தளத்துக்குக் கொண்டுவரும் சேவை. இங்கே நிதானமாகப் பாருங்கள். செயின்லிங்க் விலை என்றால், அதன் முகவரியை ஈதர்ஸ்கேனில் (ஈத்தீரியம் பிளாக்செயினின் பதிவுகளைக் காட்டும் இணையதளம்) போட்டு, ‘ரீட் கான்ட்ராக்ட்’ பகுதியில் ‘லேட்டஸ்ட்ரவுண்ட்டேட்டா’வைத் திறங்கள். ‘ஆன்சர்’ 200000000000 என்று இருந்தால் மிரள வேண்டாம். டாலர் விலைகளில் கடைசி 8 இலக்கங்கள் தசமம். ஆக, 2,000 டாலர். ‘அப்டேட்டட்அட்’ என்பது விலை கடைசியாகப் பதிவான நேரம், 1970இலிருந்து எண்ணிய நொடிகளில். இந்த நேரத்தைப் பார்க்காமலே தளத்தின் நிரல் விலையை எடுத்துக்கொள்கிறதா? அப்படியென்றால் உங்கள் தாளில் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

ஸ்டேபிள்காயினில் ஒரு படி கீழேயும் இறங்கி, அதற்குப் பின்னால் இருக்கும் பணத்தைப் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில், யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயினை வெளியிடும் சர்க்கிள் நிறுவனத்தின் 330 கோடி டாலர், திவாலான சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டிக்கொண்டதும், யுஎஸ்டிசி 90 சென்ட்டுக்கும் கீழே போனது. அதைப் பெருமளவு பிணையாக வைத்திருந்த டாய் என்ற இன்னொரு ஸ்டேபிள்காயினும் கூடவே விழுந்தது.

பிரிட்ஜ் என்றால், பணத்தை விடுவிக்க ஒப்புதல் தரும் ரகசியச் சாவிகளை எண்ணுங்கள். அப்போதைய ரோனின் பிரிட்ஜில் 9 சாவிகளில் 5 இருந்தால் பணத்தை எடுக்க முடிந்தது. 2022 மார்ச்சில் அந்த 5 திருடர்கள் கைக்குப் போயின. தளத்தின் அமைப்புகளை மாற்றும் அட்மின் சாவியையும் இப்படியே விசாரியுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் “இது நின்றுபோனால் என் பணத்தில் எவ்வளவு போகும்?” என்று கேட்டுத் தொகையை எழுதுங்கள். எந்த வரியிலாவது ‘முழுவதும்’ என்று வந்தால், இழந்தாலும் வீட்டுச் செலவு தடைபடாத அளவுக்கு மட்டும் அங்கே போடுங்கள். ஆரக்கிளை மாற்றத் தளத்தில் வாக்கெடுப்பு நடந்தால் அன்றைக்கே தாளைத் திருத்துங்கள்.