52 வாரம், 52 பட்டை: துண்டுத் துணியில் 1964-இன் பாட்டு வரிசை

ஜாக்கெட் தைத்த மிச்சம், சுடிதார் தைத்த மிச்சம், தையல் கடையில் கேட்டு வாங்கிய மிச்சம் என்று எல்லார் வீட்டிலும் ஒரு மூட்டை இருக்கும். அதைக் கொட்டி குயில்ட் (ஒட்டுப் போர்வை) தைக்க உட்கார்ந்தால் முதலில் இடிப்பது தையல் இல்லை, அடுத்து எந்த நிறம் வைப்பது என்பதுதான். "கைக்கு வந்ததை வை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கை அவ்வளவு நியாயமானது இல்லை. பிடித்த துணியையே திரும்பத் திரும்ப எடுக்கும், பச்சைக் கோடு போட்டது கடைசி வரை மூட்டையிலேயே கிடக்கும்.

அதனால் நிறத்தை முடிவு செய்யும் வேலையை ஒரு பாட்டுப் பட்டியலிடம் கொடுத்துவிட்டேன். அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை 1958 ஆகஸ்ட் 4 தேதியிட்ட இதழிலிருந்து ஹாட் 100 என்ற வாராந்திரப் பாட்டுத் தரவரிசையை வெளியிடுகிறது. வாரத்துக்கு ஒரு முதலிடம், அதற்கு ஒரு பட்டை. முதலிடத்தில் இருப்பவருக்கு என்ன நிறம் ஒதுக்கினோமோ அதுதான் அந்தப் பட்டையின் நிறம். தினசரி வெப்பநிலையைப் பார்த்து நாளுக்கொரு வரிசை பின்னும் கம்பளிக்காரர்கள் செய்வதும் இதே தந்திரம்தான்.

எந்த வருடம்?

இதில் அவசரப்பட வேண்டாம். 2005-ஐ எடுத்தால் வருடம் முழுக்க முதலிடத்துக்கு வந்தவை எட்டே பாட்டுகள். போர்வை, கோடு போட்ட படுதா மாதிரி ஆகிவிடும். முன்பெல்லாம் கடைக்காரர்களும் வானொலி நிலையங்களும் சொன்ன தகவலை வைத்துப் பட்டியல் போட்டார்கள். 1991 நவம்பர் இறுதியிலிருந்து கல்லாவில் பதிவான விற்பனையும் கருவி கணக்கெடுத்த ஒலிபரப்பும் வந்தன. அதற்குப் பிறகு ஒரே பாட்டு மாதக்கணக்கில் உச்சியில் உட்காருவது சகஜமாகிவிட்டது. துண்டுத் துணிக்கு அறுபதுகளும் எழுபதுகளும்தான் தோது.

நான் எடுத்தது 1964. முதலிடத்தில் 23 பாட்டுகள், சரியாக 52 வாரம். பட்டை எண்ணோடு பாடியவர்கள் வரிசை இதோ:

1–4 பாபி விண்டன். 5–18 பீட்டில்ஸ், தொடர்ந்து பதினான்கு வாரம், மூன்று பாட்டு (5–11, 12–13, 14–18). 19 லூயிஸ் ஆம்ஸ்ட்ராங். 20–21 மேரி வெல்ஸ். 22 பீட்டில்ஸ். 23–25 டிக்ஸி கப்ஸ். 26 பீட்டர் அண்ட் கோர்டன். 27–28 பீச் பாய்ஸ். 29–30 ஃபோர் சீசன்ஸ். 31–32 பீட்டில்ஸ். 33 டீன் மார்ட்டின். 34–35 சுப்ரீம்ஸ். 36–38 அனிமல்ஸ். 39–41 ராய் ஆர்பிசன். 42–43 மான்ஃப்ரெட் மான். 44–47 சுப்ரீம்ஸ். 48 ஷாங்ரி-லாஸ். 49 லார்ன் கிரீன். 50 மறுபடி பாபி விண்டன். 51 சுப்ரீம்ஸ். 52 பீட்டில்ஸ்.

நிறம் ஒதுக்குவது

முதலில் மூட்டையைப் பிரித்து நிறவாரியாகக் குவியுங்கள், பிறகு பட்டியலைப் பாருங்கள். தலைகீழாகச் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். பீட்டில்ஸுக்கு மட்டும் 18 பட்டை வேண்டும், கிட்டத்தட்ட 20 மீட்டர் நீளம். ஆகவே உங்களிடம் இருக்கும் பெரிய குவியல் எதுவோ அதுதான் பீட்டில்ஸ் நிறம். எனக்கு அது நீலம். இங்கிலாந்தின் மற்றவர்கள் (பீட்டர் அண்ட் கோர்டன், அனிமல்ஸ், மான்ஃப்ரெட் மான்) ஆறு பட்டை, பச்சை. மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் சுப்ரீம்ஸும் மேரி வெல்ஸும் சேர்ந்து ஒன்பது, சிவப்பு. பாக்கி பத்தொன்பதுக்கும் எந்தக் குவியலிலும் சேராத பூப்போட்டது, கட்டம் போட்டது எல்லாம். பாட்டு மாறும்போது அதே நிறத்தில் சாயலை மட்டும் மாற்றுங்கள். 5 முதல் 18 வரை கருநீலம், நடுநீலம், வெளிர்நீலம் என்று போனால் மூன்று பாட்டும் தனித்தனியாகத் தெரியும்.

இதில் விளையாடவும் இடம் உண்டு. ஏப்ரல் 4 இதழில் முதல் ஐந்து இடமும் பீட்டில்ஸிடமே இருந்தன. அந்த வாரம் 14-ஆம் பட்டை. அதை மட்டும் ஐந்து வேறு வேறு நீலத்தில் சரிசமமான ஐந்து துண்டாகச் சேர்த்தேன். பீட்டர் அண்ட் கோர்டன் பாடியது பீட்டில்ஸின் லெனான்–மெக்கார்ட்னி பெயரில் வந்த பாட்டு என்பதால் 26-ஆவது பச்சையின் ஓரத்தில் ஒரு நீலத் துண்டு. பதினான்கு வாரத்து ஆட்டத்தை நிறுத்தியவர் 62 வயது ஆம்ஸ்ட்ராங். அவருக்கு மூட்டையிலேயே நல்ல துணி எதுவோ அதைக் கொடுங்கள்.

ஒரே ஒரு விதி: பக்கத்துப் பட்டையோடு நிறம் ஒத்துப்போகவில்லையே என்று வரிசையை மாற்றாதீர்கள். கண்ணுக்கு உறுத்தும் அந்த இடங்கள்தான் பின்னால் நன்றாக இருக்கின்றன. பாதியில் மாற்ற ஆரம்பித்தால் மறுபடி நம் கையின் ராஜ்ஜியம் ஆகிவிடும்.

வெட்டுவது

பருத்தி மட்டும். டூ பை டூ, பாப்ளின், பழைய சட்டைத் துணி எல்லாம் சரி. பட்டும் பாலியஸ்டரும் இஸ்திரிச் சூட்டில் வேறு மாதிரி நடந்துகொள்ளும், முதல் குயில்ட்டுக்கு வேண்டாம். எல்லாவற்றையும் அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். சிவப்பை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடாகத் தேய்த்தால், சாயம் போகும் துணி அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

பட்டையின் அகலம் ஒன்றரை இன்ச். தைத்த பிறகு ஒரு இன்ச் தெரியும். 52 பட்டை, 52 இன்ச், கணக்கு சுலபம். நீளம் 41 இன்ச் வரும்வரை துண்டுகளை நுனியோடு நுனி சேருங்கள். மூன்று இன்ச்சுக்குக் குறைந்த துண்டு வேண்டாம், ஒட்டுதான் அதிகமாகும். சேர்த்ததும் மாஸ்கிங் டேப்பில் பட்டை எண்ணை எழுதி இடது நுனியில் ஒட்டிவிடுங்கள்.

ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) வேண்டுமா என்றால், என்னைக் கேட்டால் முதலில் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் அளவுகோல் வாங்குங்கள். அதை வைத்துக் கோடு போட்டு நல்ல கத்தரியால் வெட்டினாலே போதும். கட்டர் வாங்குவதென்றால் 45 மில்லிமீட்டர், கூடவே வெட்டும்போது அடியில் வைக்கும் மேட், மாற்று பிளேடு. மழுங்கிய பிளேடோடு மல்லுக்கட்டுவதற்குக் கத்தரியே மேல்.

சேர்த்துத் தைப்பது: இங்கே நிதானம்

தையலுக்கு விடும் இடம் கால் இன்ச், அதாவது இரண்டு நூல் (இன்ச்சில் எட்டில் ஒன்று ஒரு நூல்). தையல் மெஷினின் ஃபுட் ஓரத்தை வைத்துப் பிடித்தால் கால் இன்ச் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். பல ஃபுட்டுகளில் அது கால் இன்ச்சை விடக் கூடுதலாகவே இருக்கும். நீங்கள் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால் இரண்டு பட்டையிலும் சேர்த்து ஒரு நூல் போகும். ஜாக்கெட்டில் இது ஒன்றுமே இல்லை. இங்கே 51 தையல். 51 நூல் என்பது ஆறு இன்ச்சுக்கு மேல்! டிசம்பர் முழுக்கக் காணாமல் போன மாதிரி.

சோதனை ஒன்று இருக்கிறது. ஒன்றரை இன்ச் அகலத் துண்டு மூன்றைச் சேர்த்துத் தைத்து இஸ்திரி போட்டு, நடுத்துண்டை அளந்து பாருங்கள். சரியாக ஒரு இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் அதிகம் பிடிக்கிறீர்கள், கூடினால் குறைவாகப் பிடிக்கிறீர்கள். சரியாக வந்த இடத்தில் மெஷின் தகட்டின் மேல் நாலைந்து அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் துணி அதில் முட்டிக்கொண்டு நேராகப் போகும். காந்த வழிகாட்டி என்று ஒன்று விற்கிறார்கள். அது எனக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. டேப்தான் என் கட்சி.

அடுத்தது வளைவு. ஒன்றோடு ஒன்று, அதோடு இன்னொன்று என்று ஒரே பக்கத்திலிருந்து தைத்துக்கொண்டே போனால் பத்தாவது பட்டைக்குள் துணி வில் மாதிரி வளையத் தொடங்கும். காரணம் மெஷினின் பல். அது கீழ்த் துணியைக் கொஞ்சம் வேகமாக இழுக்கும், மேல்துணி நுனியில் நீண்டு நிற்கும். நீண்டதை வெட்டிவிட்டு அடுத்ததைத் தைத்தால் பிசகு சேர்ந்துகொண்டே போகும். இதைத் தவிர்க்க நான் செய்வது:

நான்கு பலகையாகப் பிரித்துக்கொள்கிறேன். 1–13, 14–26, 27–39, 40–52. ஒவ்வொரு பலகையிலும் முதலில் ஜோடி ஜோடியாகத் தைத்து, அப்புறம் ஜோடிகளை இணைக்கிறேன். ஒரு தையல் இடமிருந்து வலம் என்றால் அடுத்தது வலமிருந்து இடம். தைப்பதற்கு முன் நடுவில் ஒரு குண்டூசி, இரண்டு நுனியில் இரண்டு, பிறகு இடையில். நுனியிலிருந்து குத்திக்கொண்டே வந்தால் பயனில்லை. இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். ஒன்றரை இன்ச் பட்டை சூட்டில் இழுத்த பக்கம் போய்விடும்.

முடிந்த பலகையை இடது, நடு, வலது என மூன்று இடத்தில் அளந்தால் மூன்றிலும் பதின்மூன்றரை இன்ச் இருக்க வேண்டும். ஒரு நூல் வித்தியாசத்தை விட்டுவிடலாம். நான்கு நூல் என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும், இப்போதே பிரிப்பது நல்லது. நான்கையும் இணைத்த பிறகு ஓரங்களை 40 இன்ச்சுக்கு நேராக வெட்டிவிடுங்கள்.

அடுக்கு, கட்டு

இது உங்களுக்குத் தெரிந்ததுதான். அடித்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, மேலே நாம் தைத்தது. கீழ் இரண்டும் நாலு பக்கமும் இரண்டு இன்ச் பெரிதாக இருக்கட்டும். நம் ஊர் வெயிலுக்கு பாலியஸ்டர் பஞ்சு வேண்டாம், பழைய பருத்திப் புடவையை இரண்டாக மடித்துப் போட்டாலே போதும். உள்ளங்கை தூரத்துக்கு ஒரு ஊக்கு குத்தி, பாட்டு மாறும் இடத்தில் மட்டும் தையலோரமாக ஓட்டினேன். ஏழு வாரப் பாட்டில் இடைவெளி கொஞ்சம் அதிகம்தான், புடவை உள்ளே இருப்பதால் பரவாயில்லை. பஞ்சு வைத்தவர்கள் நாலு இன்ச்சுக்கு ஒரு வரி ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் துவைக்கும்போது திரளும். ஓரப்பட்டிக்கு இரண்டரை இன்ச் அகலத்தில் 200 இன்ச் நீளம் வேண்டும்.

பின்குறிப்பு, கேள்விகள் வந்த பிறகு

1966-ஐ எடுத்த ஒருவருக்குப் பட்டை ஒன்று கூடுகிறதாம். தப்பில்லை. இதழ் தேதி சனிக்கிழமை, அந்த வருடம் ஜனவரி 1-ஆம் தேதியே சனி, ஆகவே 53 வாரம். கடைசிப் பலகையை மட்டும் 14 பட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரப்பட்டி அப்படியே போதும்.

காலால் மிதிக்கும் பழைய மெஷினில் முடியுமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். தாராளமாக. அதன் குறுகிய ஃபுட்டில் ஊசி எங்கே இறங்குகிறது என்று நன்றாகத் தெரிவதால் நேர்த்தையல் இன்னும் சுலபம். டேப் ஒட்டும்போது பாபின் மூடித் தகடு திறக்கிறதா என்று பார்த்து ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை நூல் தீரும்போதும் டேப்பை உரித்து மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.